ஜெயசீலிக்கு ஒரு சலூன்

நந்திதுர்க்,
28-4-1967

அன்புள்ள அண்ணன் பர்னபாஸுக்கு, தங்கை ஜூடித் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். பிரசவம் வரை படுக்கைதான் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, உன் வீட்டுக்காரிக்கு இப்போது எப்படி? உன் மகள் ஜெயசீலி போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடி, அம்மா லெட்டர் வந்ததா என்று நிற்கிறாள்.

சாம்பியாவிலிருந்து பிள்ளையை அனுப்பத் தெரிந்தது, இந்தச் சுருட்டை முடியை என்ன செய்வதென்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? அவள் அம்மா போட்ட பின்னல் இரண்டாம் வாரமே அவிழ்ந்துவிட்டது. நான் சீவப் போய் சீப்பு உடைந்ததுதான் மிச்சம். பள்ளியிலோ ரிப்பன் வைத்து ரெட்டைப் பின்னல் வேண்டுமாம்.

ராபர்ட்சன்பேட்டையில் சலூன் சலூனாக ஏறி இறங்கினேன். ஒருத்தன் தேங்காய் நார் என்றான். இன்னொருத்தன் கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பெங்களூர் பார்லரில் சூட்டுக்கோலால் நேராக்குகிறேன் என்று காதைச் சுட்டு அனுப்பினார்கள். கடைசியில் சகாயம் என்பவர் கடை. அவர் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் தலையைத் தொட்டார். "நல்ல முடிம்மா. எனக்குத்தான் இந்த வேலை தெரியல. இவங்க அம்மாவைக் கேட்டு எழுதி வாங்கினு வாங்க, அதும்படி செய்றேன்" என்றார். தெரியாதவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பள்ளி திறக்குமுன் பதில் போடு.

ஜூடித்

நந்திதுர்க்,
14-6-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதிலுக்குக் காத்துக் காத்து இருப்புக்கொள்ளாமல், போன ஐந்தாம் தேதி நானே ஒரு முடிவெடுத்தேன். ஜெயசீலிக்கு மொட்டை போட்டாயிற்று. சகாயத்திடம் போனால் உபதேசம் செய்வார் என்று வேறு கடைக்குக் கூட்டிப்போனேன். என் மகளுக்கு மூன்று தரம் மொட்டை போட்ட பிறகுதானே முடி படிந்து வளர்ந்தது? இவளுக்கும் நேராக முளைக்கும், கவலைப்படாதே.

அழவே இல்லை. கீழே விழுந்த முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து வெறுந்தரையில்தான் உட்காருகிறாள், கறிக்குழம்பைத் தொடுவதில்லை. பிடிவாதத்தில் உன்னையே கொண்டிருக்கிறாள், நன்றாகத் திட்டினேன். ஒன்று மட்டும் நிம்மதி. இப்போதெல்லாம் போஸ்ட்மேன் வந்தால் ஓடுவதில்லை, அம்மா பேச்சே எடுப்பதில்லை. பழகிவிட்டாள்.

ஜூடித்

கிட்வே, சாம்பியா,
29-6-1967

ஜூடித்,

உன் முதல் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதித்தது என் தப்பு. ஆஸ்பத்திரிக்கும் ஷிப்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஆனால் நீ செய்தது என்னவென்று உனக்குத் தெரியாது.

உன் அண்ணி சந்தா இந்த ஊர்க்காரி; இவர்கள் வழக்கத்தில் பெற்றவள் செத்தால்தான் பிள்ளைகளின் தலையை மழிப்பார்கள். போன வருஷம் அவள் தாய் இறந்தபோது சந்தா மழித்துக்கொண்டு, கறி தொடாமல் தரையில் உட்கார்ந்திருந்ததை ஜெயசீலி பக்கத்திலிருந்து பார்த்தவள். படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுத்தான் கப்பல் ஏறினாள். அவள் பழகவில்லை ஜூடித். அம்மா போய்விட்டாள், நாம் மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சந்தா நன்றாக இருக்கிறாள். போன புதன்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. இந்த விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதைப் படித்த நிமிஷமே போய்ப் பிள்ளையிடம் சொல். ஆகஸ்டில் வந்து அழைத்துப் போகிறேன்.

பர்னபாஸ்

நந்திதுர்க்,
13-7-1967

அண்ணா,

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. உலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். சிஸ்டர் அவளை வராந்தாவுக்கு அனுப்பினார். அம்மா உயிரோடு இருக்கிறாள், தம்பி பிறந்திருக்கிறான் என்றேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்று தரம் சொன்னேன். அப்புறம் தூணைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். என் வீட்டில் இத்தனை நாள் தனியாகத் துக்கம் அனுசரித்திருக்கிறாள், நான் திட்டித் திட்டிச் சோறு போட்டிருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா சாவலன்னா, எதுக்கு அத்தை என் முடிய எடுத்தீங்க?"

நேராக வளரத்தான் என்று சொல்ல வந்தேன். அதை விட்டுவிட்டு, "ஊரு சிரிச்சிது. எனக்கு வெக்கமா இருந்துச்சு, கண்ணு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் வா, தடுக்கமாட்டேன். சாயங்காலம் பேப்பர் கேட்டு வாங்கி, தன் அம்மா பாஷையில் இரண்டு பக்கம் எழுதி, தானே ஒட்டிக் கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருக்கிறாளோ, நீ பிரிக்காதே, எதையும் மறைக்காதே. அண்ணி கையிலேயே கொடுத்துவிடு.

ஜூடித்