இருபத்திரண்டு விநாடி

கோயம்புத்தூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ஒரு மாதமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. பள்ளிக்கூடத்து லீவு லெட்டருக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன்.

நம் ஏற்காடு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜீவானந்தம் கொலையைப் பற்றி என் சேனலில் வீடியோ போட்டேன். ஐம்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்! அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு அவருக்கு ஓர் அழைப்பு. இருபத்திரண்டே விநாடி. உடனே காப்பி காயவைத்திருந்த களத்துக்குக் கிளம்பியவர் பிணமாகத்தான் வீடு வந்தார். கூப்பிட்டது ஒரு பெண் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், பெயர் இல்லை. அவரைப் பொறியில் மாட்டிவிட்டவள் அவள்தான். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? விசாரித்து எழுது.

தம்பி,
ரொனால்ட்

வெள்ளக்கடை
10 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். போன் மணி அடித்தால் எடுக்கவே மனம் வரவில்லை, அதனால்தான் அணைத்து வைத்திருக்கிறேன்.

அந்த வீடியோவை எடுத்துவிடு சாமி. ஜீவானந்தத்தின் மனைவி புஷ்பலதா அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாளாம். “அவ யாருன்னு மட்டும் தெரியட்டுமுங்க” என்று குழாயடியில் நின்று கத்துகிறாள். நீ அங்கே உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசுகிறாய். இங்கே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அக்கா,
லூர்துசெல்வி

கோயம்புத்தூர்
17 பிப்ரவரி

அக்கா,

எடுக்க மாட்டேன். அடுத்த பாகமும் வரப்போகிறது. அவருக்குப் போன் போடுகிற பெண்கள் வெள்ளக்கடையில் எத்தனை பேர்? உனக்குத் தெரியாமலா இருக்கும்? யாரைக் காப்பாற்றுகிறாய்?

ரொனால்ட்

வெள்ளக்கடை
22 பிப்ரவரி

தம்பி,

கூப்பிட்டது நான்தான்.

கரடியூர்ப் பக்கம் மேகம் கறுத்தது. நம் வாசலில்தான் அது முதலில் தெரியும். லீவு நாள், களத்தில் ஆள் கிடையாது. “ஏனுங்கண்ணா, மேகம் நொம்பக் கறுக்குதுங்க, காப்பிய மூடோணுமுங்க” என்றேன். வருஷா வருஷம் சொல்வதுதான். போலீஸ் இரண்டு நாள் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் என் பேச்சைக் கேட்டுத்தானே அந்த மனிதர் போனார்? புஷ்பலதாவுக்குத் தெரியாது. இனிமேலாவது விட்டுவிடு.

லூர்துசெல்வி

கோயம்புத்தூர்
28 பிப்ரவரி

அக்கா,

படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. உன் பெயரை நான் சொல்லவே மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று ஏற்காட்டில் ஒரு சொட்டு மழைகூட இல்லை, வானிலைப் பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டேன். யாராவது சொல்லிக் கூப்பிட்டாயா?

ரொனால்ட்

வெள்ளக்கடை
6 மார்ச்

ரொனால்டுக்கு,

மேகம் வந்தது, கலைந்து போனது. மழை கொட்டிய பிறகா காப்பியை மூடுவார்கள்? பத்து வயதில் என்னோடு தார்ப்பாய் இழுத்தவன் நீ. போலீஸ்கூட என்னை இப்படிக் கேட்கவில்லை. கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கோபம்தான்.

நேற்று நானே போய் புஷ்பலதாவிடம் சொன்னேன். கதவை அறைந்து சாத்தினாள். வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்துத் திறந்து, “நீங்க கூப்புடலீன்னாலும் மேகத்தப் பாத்தா அந்த மனுசன் ஊட்டுல இருக்கமாட்டாருங்க்கா” என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

மழை பெய்ததா என்று அவள் கேட்கவில்லை.

லூர்துசெல்வி