மேலே ஏறும்போது மூச்சை விடவேண்டும்

கஸ்பாரின் தாத்தாவுக்கு மெற்றில்டா எழுதுவது. எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் தேவலையா? பேத்தி ஜெசிந்தா பவானிபூர் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினாள். பேரன் கஸ்பாருக்குக் கிடர்பூர் கப்பல்துறையில் முக்குளிக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

போன வாரம் அவனுக்கு நெஞ்சுவலி வந்து சரியாகிவிட்டது. உங்களால்தான் வந்தது. சங்கு குளிக்க நீங்கள் பழக்கியபடி, முதுகில் காற்று சிலிண்டர் இருந்தும் மூச்சை அடக்கியே ஏறியிருக்கிறான்.

“ஆச்சி, மேல இழுத்த மூச்சு கீழ சுருங்கும், மேல வந்தா பழைய அளவுதான். சிலிண்டர் காத்து ஆழத்துலயே அமுங்கி நெஞ்சுக்குள்ள போவுது. முப்பது அடி ஏறுனா ரெண்டு மடங்கா ஊதிரும்” என்கிறான். தெரிந்தும் ஏன் அடக்கினாய் என்றால், “தாத்தா சொன்னது காதுல நிக்கி” என்கிறான்.

கத்தி ஓய்ந்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி இறங்குகிறான். மூச்சை விட்டுக்கொண்டே ஏறச் சொல்லி நீங்களே எழுதுங்கள். உங்கள் புதுப் படம் ஒன்றும் தபாலில் போடுங்கள். இங்கே மாட்டியிருப்பதில் நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறீர்கள்.