வேலியோரத்து மஞ்சள் பூ

வெள்ளி, இரவு

வாவிக் காற்றில் வேலியோரத்துப் பூவின் மஞ்சள் தூள் பறந்து வந்துதான் மகளுக்கு மூச்சு இழுப்பு என்று போன மாதம் பக்கத்து வீட்டு மலர் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். மலர்வளையக் கடைக்கு விற்பதற்காக அவர் வளர்த்த கோல்டன்ரொட் என்ற மஞ்சள் பூச்செடிகள். அக்கா அத்தனையையும் பிடுங்கிவிட்டார்.

இன்று மகளைக் காட்டப் போன இடத்தில் இதைச் சொன்னதும் டொக்டர் சிரித்தார். கோல்டன்ரொட் மகரந்தம் பிசுபிசுப்பானதாம், காற்றில் பறக்காதாம். தேனீயின் காலில்தான் ஒட்டிப் போகுமாம். அதே சூரியகாந்திக் குடும்பத்துப் பார்த்தீனியக் களைதான் இழுப்பைக் கொண்டுவருமாம். அது என் கிணற்றடியில் இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது.

வீடு திரும்பும்போது மலர் அக்கா தன் வேலிப் படலையில் நின்றார்.

"புள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"நல்ல சுகம் அக்கா. பூவப் புடுங்கின பிறகு இழுப்பே இல்ல."

"அப்ப சரி. இனி நான் அத நட மாட்டன்."

பக்கத்தில் நின்ற மகள் இருமினாள். அவளை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.