நாலாவது பட்டன்

செப்டம்பர் 24, சனி

வென்றோம், 31–10. கடைசி ஆறு நிமிடம், பந்து வீசும் முதல் ஆளான கெல்வினை உட்கார வைத்துவிட்டு கோச் என்னை இறக்கினார். பந்தை வாங்கினேன், ஓடுகிறவனிடம் கொடுத்தேன், மூன்று முறை. அமெரிக்கக் கால்பந்தில் இது தபால்காரன் வேலை. இந்தப் பருவத்தில் எனக்கு இது நாலாவது ஆட்டம்.

செப்டம்பர் 26

கோச் ஹால்வர்சன் அறைக்குக் கூப்பிட்டார். "நாலு ஆச்சு விக். இனிமே உன்னை உள்ள இறக்கமாட்டேன். அடுத்த வருஷம் டீம் உன்னுது."

விதி அப்படி. ஒரு மாணவன் மொத்தம் நாலு வருடம்தான் ஆடலாம். நாலு ஆட்டம் வரை இறங்கினால் அந்த வருடம் கணக்கில் சேராது. ஐந்தாவதில் ஒரே ஒரு முறை உள்ளே கால் வைத்தாலும் வருடம் போச்சு. எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வருடம். கெல்வின் இந்த வருடத்தோடு போகிறான். மூன்று வருடமாக அவன் முதுகை மனப்பாடம் செய்தவன் நான். இன்னும் இரண்டு மாதம் ஓரத்தில் நிற்பது பெரிய கஷ்டமில்லை.

அக்டோபர் 1, சனி

கூட்டமைப்பு ஆட்டங்கள் தொடங்கின. எட்டுக் கல்லூரி, ஏழு ஆட்டம், முதலில் வருபவருக்குக் கோப்பை. நாங்கள் அதைத் தொட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்று ஜெயித்தோம்.

கெல்வினின் தாடையில் பழைய தையல் தழும்பு. ஹெல்மெட் பட்டையின் நாலாவது பட்டன் அதில் உரசுகிறதாம், போடவே மாட்டான். அவன் உள்ளே போகும்போதெல்லாம் நான்தான் அழுத்திவிட வேண்டும்.

"வந்துட்டாடா என் பொண்டாட்டி," என்பான்.

"மூஞ்சியக் காட்டு," என்பேன்.

அக்டோபர் 9

அப்பாவிடம் பேசினேன். பின்னால் லாரி இரைச்சல். சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு அறுவடை. அக்டோபரில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம்கூட வைப்பதில்லை. மூன்று வருடமாக அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

"அடுத்த வருஷம் லாரிக்கு ஒரு ஆளை வச்சிட்டு வந்துடுறேன்டா. நீ முதல் ஆளா இறங்கறத பாக்கணும்ல?"

அடுத்த பருவத்துக்கு இப்போதே இருக்கை பதிவு செய்துவிட்டாராம். நான் கேட்கவேயில்லை. அவருக்குத்தான் அவசரம்.

அக்டோபர் 22, சனி

தோற்றோம். மழை. பேருந்தில் ஐந்து மணி நேரம்.

நவம்பர் 12, சனி

வென்றோம். ஆறில் ஐந்து. அடுத்த வாரம் வரும் அணியும் ஆறில் ஐந்து. ஜெயிப்பவருக்குக் கோப்பை. அறுவடை முடிந்துவிட்டதால் அப்பா வருகிறார். நான் இறங்கமாட்டேன் என்று சொன்னேன். "பரவால்ல, நிக்கிறதப் பாத்துட்டுப் போறேன்."

நவம்பர் 17

பனி. எனக்கு அடுத்த இடத்தில் இருக்கும் முதல் வருடத்து ப்ராடி, விறைத்த கையோடு இன்று நாலு முறை பந்தைக் கீழே போட்டான். கோச் தொப்பியை எறிந்தார்.

நவம்பர் 20, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

17–20 என்று பின்தங்கியிருந்தோம். நாலு நிமிடம் பாக்கி. கெல்வின் உள்ளே போகத் தயாரானான். அந்த நேரம் பார்த்து நான் அப்பாவின் ஆரஞ்சுத் தொப்பியைத் தேடினேன். அவர் இருக்கை காலி. எங்கே போனார்? உடம்புக்கு ஏதாவதா? திரும்புவதற்குள் கெல்வின் போய்விட்டான். பட்டன் போடவில்லை. மறந்தேன். அதுதான் நிஜம்.

இரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது அவனைத் தள்ளி வீழ்த்தினார்கள். ஹெல்மெட் தனியாக உருண்டது. ஹெல்மெட் கழன்றவன் அடுத்த ஒரு முறைக்கு வெளியே நிற்க வேண்டும். டைம் அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினால் அவன் உள்ளேயே இருக்கலாம், ஆனால் மூன்றையும் கோச் முன்பே தீர்த்திருந்தார். நாலாவது, கடைசி முயற்சி. ஒரு கெஜம் வேண்டும். கிடைக்காவிட்டால் பந்து அவர்களுடையது.

கோச் என்னைப் பார்க்கவில்லை. "ப்ராடி!" என்று கத்தினார். ப்ராடி கைகளை ஊதிக்கொண்டே வந்தான். அவன் விரல்களைப் பார்த்தேன்.

நான் யோசித்தேனா? யோசித்ததாக ஞாபகம் இல்லை. அவனைத் தோளில் பிடித்து நிறுத்திவிட்டு ஓடினேன்.

"விக்! டேய் விக்!" — கோச் குரல். திரும்பவில்லை.

பந்தை வாங்கினேன். கொடுத்தேன். இரண்டு கெஜம் கிடைத்தது. வெளியே வந்தேன். எல்லாம் சேர்த்து நாலு விநாடி இருக்கும். எதிரே வந்த கெல்வினின் நாலாவது பட்டனை அழுத்தினேன்.

"உன் வருஷம்டா..." என்றான்.

"போய் ஆடுடா, நாயே."

அடுத்த முறையே முப்பது கெஜம் வீசினான், எங்கள் ஆள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்தான். 24–20. அப்படியே முடிந்தது. மைதானம் முழுக்க ஆட்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கோப்பைக்காக இல்லை.

அப்பா இரண்டு காகிதக் கோப்பையில் காப்பியோடு வந்தார். "எவ்ளோ பெரிய வரிசைடா! நடுவுல ஏதோ கூச்சல் கேட்டுச்சு. கெல்வின் வெளிய வந்தானாமே, யாரு போனா உள்ள?"

"நான்தாம்பா."

 காப்பியை என் கையில் திணித்தார். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

நவம்பர் 21

கோச்: "நான் உன்னைக் கேக்கல, விக்."

"இல்ல கோச். நீங்க கேக்கல."

பட்டன் விஷயத்தைச் சொன்னேன். 

டிசம்பர் 14

கூட்டமைப்பின் பருவப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு எதிரே: ஆட்டங்கள், 5. அப்பா அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

அக்டோபர் 7, சனி

பத்து மாதமாக இந்த நோட்டைத் திறக்கவில்லை. படிப்பு மே மாதம் முடிந்தது.

இன்று கூட்டமைப்பின் முதல் ஆட்டம். ரேடியோவில் கேட்கிறேன். ப்ராடிதான் முதல் ஆள். இதுவரை பந்தைக் கீழே போடவில்லை. முன்னால் எட்டு வண்டிகள் எடைக்கு நிற்பதால் எழுத நேரம் இருக்கிறது.

வாங்கிய இருக்கை வீணாகக் கூடாதென்று அப்பா மைதானத்துக்குப் போயிருக்கிறார். சொன்னபடி லாரிக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் போனார். ஆள் நான்தான்.