புத்தூர் மஞ்சளும் என் கடைச் சாக்கும்

இன்று காலை புத்தூரிலிருந்து வந்த மூட்டை ஒன்றின் தையலைப் பிரித்தேன். மஞ்சள் வாசம் கடை முழுக்க ஏறியது. ஒரு துண்டை எடுத்து, அதன் மடிப்பை நகத்தால் சுரண்டினேன். எங்கள் பக்கத்துச் சிவந்த செம்பாட்டு மண் நகத்துக்குள் வந்தது. சுரண்டிய பிறகுதான் இது உங்கள் பழக்கம் என்று நினைவு வந்தது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. என் கை இன்னும் உங்களுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

சேர், நம்மை நண்பர்கள் என்றுதான் ஊர் நினைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வந்து, மேசைக்கு எதிர்க் கதிரையில் இருந்து பால் விடாத பிளேன்ரீ குடிக்கிறவரை வேறு எப்படி நினைப்பார்கள்? நான் மட்டும் அப்படி நினைத்ததில்லை. சுங்கப் புலனாய்வுப் பிரிவுக்கு இந்தப் பக்கம் பொறுப்பாக இருக்கிற ஒருவர், பலசரக்கு மொத்த வியாபாரியின் கடையில் சும்மா வந்து இருக்கமாட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்ப்பது குறைவு. மூட்டைகளின் வாயைத்தான் பார்ப்பீர்கள். மெசினில் தைத்ததா, கையால் தைத்ததா, பிரித்துத் திரும்பத் தைத்ததா. மழையைப் பற்றிக் கதைத்தபடியே பார்ப்பீர்கள். நானும் மழையைப் பற்றிக் கதைத்தபடியே உங்கள் கண்ணைப் பார்ப்பேன். மூட்டை சுமந்து தொடங்கியவன் நான். யார் எதற்காக என் வாசலில் கால் வைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கதிரையில் இருக்கிற அளவுக்கு வந்தேன்.

வெளிநாட்டு மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. கடையில் மஞ்சள் கேட்டால் பொன் கேட்டது மாதிரி. அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, படகில் வருகிறது என்ற கதை எல்லா இடத்திலும் இருந்தது. பாதிக் கதை உண்மை. உங்கள் மேலிடம் ஒவ்வொரு வாரமும் என்ன பிடித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. என் களஞ்சியத்தில் ஒரு விரல் மஞ்சள்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துப் புத்தூர் யோகன் சந்தைக்கு மஞ்சள் கொண்டு வந்தான்.

யோகன் அதுவரை வெங்காயமும் பொயிலையும் செய்த தோட்டக்காரன். அவனிடம் இவ்வளவு மஞ்சள் எப்படி? அவனுடைய லான்ட் மாஸ்டர் உழவு மெசின் குருநகர்க் கடற்கரையில் விடியப்புறம் நிற்பதை என் கண்ணால் இரண்டு தரம் கண்டேன். அவன் களஞ்சியத்தை எட்டிப் பார்த்தேன். இந்தி எழுத்து அச்சடித்த சாக்குகள் அடுக்கியிருந்தன. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அடுத்த வெள்ளி நீங்கள் வந்தபோது, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டீர்கள். முடிவில் ஒரே ஒரு கேள்வி.

“ஏன் முதலாளி இதை எனக்குச் சொல்லுறியள்?”

“நாட்டுக்காகத்தான் சேர்.”

நீங்கள் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினீர்கள். ஒரே ஒரு சொல். தலைகீழாகப் பார்த்தும் எனக்கு அது பிடிபடவில்லை.

அன்று முதல் யோகனின் களஞ்சியத்துக்கு முத்திரை வைத்த செய்தி வரும் என்று காத்திருந்தேன். பிடிபட்ட மஞ்சளை எரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவனுடைய முழுச் சரக்கும் சாம்பலாகும் என்று தெரிந்துதான் சொன்னேன். இதை இப்போது எழுதும்போது பூசி மெழுக விருப்பமில்லை.

செய்தி வரவில்லை. பத்தாம் நாள் நீங்கள்தான் வந்தீர்கள். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. கூட உங்கள் குழுவிலிருந்த பெண் அதிகாரியும் வந்தார். அவர் புத்தூரிலிருந்து கொண்டுவந்த ஒரு வெறும் சாக்கை என் மேசையில் விரித்தார். நீங்கள் அதன் அடித் தையலைப் புரட்டிக் காட்டினீர்கள்.

“முதலாளி, உந்தக் குறி ஆரின்ரை?”

நீல மையில், என் கடையின் குறி. மஞ்சள் தாராளமாக வந்த காலத்தில் சரக்கை விற்றபின் வெறும் சாக்குகளைத் தோட்டக்காரர்களுக்கு விற்றுவிடுவேன். யோகனுக்கும் நானே விற்றிருக்கிறேன். என் சாக்கையே சாட்சியாகக் காட்டி அவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

என் களஞ்சியம் முழுவதையும் அன்று பார்த்தீர்கள். ஒவ்வொரு மூட்டையையும். நான் சாவிக்கொத்தோடு பின்னால் நடந்தேன். ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு கதிரையில் இருந்து, பையிலிருந்து யோகனின் மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினீர்கள். அக்கரைச் சரக்கு உருட்டி மினுக்கி வரும். மடிப்பில் மண் நிற்காது. இதில் செம்பாடு இருந்தது. குருநகருக்கு அவன் போனது தோட்டத்துக்குப் பசளையாக மீன் கழிவு ஏற்ற என்றும் சொன்னீர்கள்.

“எத்தினை வருசமா மஞ்சள் விக்கிறியள் முதலாளி?” என்று கேட்டீர்கள். முப்பது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் விற்றதெல்லாம் மினுக்கிய சரக்கு. எங்கள் மண்ணில் விளைந்த மஞ்சளை அதுவரை கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

போகும்போது அந்தத் துண்டை மேசையில் விட்டுப் போனீர்கள். மறந்துபோய் விட்டீர்களா, வேண்டுமென்று விட்டீர்களா? இன்றுவரை தெரியாது. அது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை வந்தீர்கள். அதுதான் என்னைத் தின்றது. இந்த மனிதன் வாய் திறந்தால், தோட்டக்காரன் ஒருவனும் என் படி ஏறமாட்டான். ஒரு நாள் கடை வாசலில் நீங்களும் யோகனும் நின்று சிரிப்பதைக் கண்டு, உள்ளே நிறுத்துக்கொண்டிருந்த மிளகாயை இரண்டு தரம் தப்பாக நிறுத்தேன். அவனுக்குச் சொல்லிவிட்டீர்களோ? சொல்லாமல், சொல்லுவேன் என்று எனக்குக் காட்டுகிறீர்களோ? அவன் வாயை அடைக்க என்று நினைத்தோ, என் மனத்தை அடைக்க என்று நினைத்தோ, அவனுடைய மஞ்சளை நானே வாங்கத் தொடங்கினேன். ஒவ்வொரு போகமும்.

உங்கள் சாவுச் செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, சேர். ஒரு மூச்சு இறங்கியது. என் காரியம் தெரிந்தவர் போய்விட்டார். பிறகுதான் அந்தக் குறிப்புப் புத்தகம் நினைவு வந்தது. வட்டுக்கோட்டைச் செத்தவீட்டுக்கு நான் மரியாதைக்கு மட்டும் வரவில்லை.

பந்தலில் அந்தப் பெண் அதிகாரி இருந்தார். சுற்றிச் சுற்றிக் கதைத்து, உங்கள் புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உங்களிடம் வேலை பழகியவர் அல்லவா.

“அதிலை ஒருத்தரின்ரை பேரும் இராது. சேர் பேர் எழுதமாட்டார். சொன்னவன் ஏன் சொன்னவன் எண்டதை மட்டும்தான் எழுதுவார்.”

பிறகு அவரே சொன்னார். எந்தத் தகவலுக்கும் இரண்டு பேரைத் தனித்தனியே அனுப்புவீர்களாம். ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாதாம். புத்தூருக்கு இவர் விதைமஞ்சள் கேட்டுப் போயிருக்கிறார், இன்னொருவர் தண்ணீர்ப் பம்பு விற்கப் போயிருக்கிறார். உடனே போய்ப் பிடிக்காததற்கு மேலிடம் விளக்கம் கேட்டதாம். கோபத்தோடு வருகிற தகவல் ஆறவேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்துக்கு நீங்களே பதில் எழுதினீர்களாம். என் தகவலை ஆறவைத்ததற்கு நீங்கள் பேச்சு வாங்கியிருக்கிறீர்கள். இதை எனக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை.

அந்த ஒற்றைச் சொல் என்ன என்று அப்போது எனக்குப் பிடிபட்டது. எரிச்சல். என்னிடம் இல்லாத மஞ்சள் அவனிடம் இருந்த எரிச்சல். வேறு என்ன எழுதியிருப்பீர்கள்?

எழும்பப் பார்த்தேன். பக்கத்துக் கதிரையில் யோகன் வந்து இருந்தான். உங்கள் பெட்டியைப் பார்த்தபடி, திரும்பாமலே சொன்னான்.

“அண்ணை, சேர் என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னனீங்கள்.”

“நான் எப்ப சொன்னன்?”

“என்ரை மஞ்சளை எடுக்கத் துவங்கின நாளிலையிருந்து நீங்கள் என்னோடை விலை பேசேல்லையே. கேட்ட விலைக்கு எடுத்தியள். உங்களை எனக்குத் தெரியாதே? கறிவேப்பிலைக்கும் விலை பேசுற ஆள். ரெண்டு போகம் பாத்தன். சுங்கத்துக்குச் சொன்னது ஆர் எண்டு பேந்து விளங்கீட்டுது.”

அவன் வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினான்.

“அதுக்காக நான் விலையைக் குறைக்கேல்லைத்தான்,” என்றான்.

இத்தனை காலம் உங்கள் வாயைக் காவல் காத்தேன். என் கை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் எதைப் பார்க்க வந்தீர்கள் என்பதுகூட இப்போது எனக்குச் சந்தேகம். ஒருவேளை பிளேன்ரீ குடிக்கத்தான் வந்தீர்களோ? அதை நம்ப எனக்கு இன்னும் வரவில்லை.

இன்று காலை யோகன் விலை சொன்னான். கூடுதல் விலை என்றேன். நகத்திலிருந்த மண்ணைக் காட்டி, இதை உதறிப்போட்டு நிறு, செம்பாட்டு மண் என் தோட்டத்திலும் இருக்கிறது என்றேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு குரல் உயர்த்தத் தொடங்கினான். போன வருட மழையை இழுத்தான்; நான் அக்கரைச் சரக்கை இழுத்தேன். இரண்டு தரம் மூட்டையைத் திரும்ப ஏற்றப் போனான். இருவருக்கும் வந்த பால் தேநீர் ஆறி ஆடை படிந்தது. கடைசியில் ஒரு விலைக்கு வந்தோம். இருவருக்கும் திருப்தியில்லை.

படி இறங்கும்போது, “இப்பதான் அண்ணை சுகமா இருக்கிறியள்,” என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் ஏன் சிரித்தான் என்று யோசித்தேன். கதவடியில் நின்று அவனுடைய லான்ட் மாஸ்டர் திரும்பும் வரை பார்த்தேன். பிறகு வந்து மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, அடிச் சரக்கில் ஒரு துண்டை எடுத்துச் சுரண்டினேன்.

அடியிலும் அதே செம்பாடுதான், சேர். நீங்களும் அடி வரை பார்த்திருப்பீர்கள்.