பெட்டிக்குள் வைத்த அட்டை

ஜூலை 22, செவ்வாய்.

என்னைப் பெற்ற அய்யா இளவயதில் லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது அங்கிருந்த கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தார். அந்தக் கட்சியின் வரலாற்றை எழுதும் ஒரு பெண், பழைய உளவு அறிக்கைகளில் அய்யா பெயர் வரும் பக்கங்களை லண்டனிலிருந்து இன்று மெயிலில் அனுப்பியிருந்தார். பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

எந்தக் கூட்டத்திலும் வாசலைப் பார்த்தே உட்காருவாராம். பால் சேர்க்காத கட்டன் சாயாவில் உப்புப் போட்டுக் குடிப்பாராம். இங்கேயும் அப்படித்தான். சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும்.

அய்யா ஊர் திரும்பிய பிறகும் பக்கங்கள் நிற்கவில்லை. கட்சியே ஓட்டெடுத்துத் தன்னைக் கலைத்துக்கொண்ட பிறகும் நிற்கவில்லை. கடைசிப் பக்கம் தங்கச்சிமடத்தில் அவரை அடக்கம் செய்த நாள். "மகள் பழைய உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்து, மேலே செபமாலையை இழுத்துவிட்டு மறைத்தாள்."

பங்குச் சாமியாருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நான் செய்தது அது. அப்போது அறையில் இன்னொருவர்தான் இருந்தார். பெட்டியின் மூடியைப் பிடித்தபடி என் கணவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து மெயில் வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. மீன் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது கட்டிலிலிருந்து கேட்கிறார்: "என்ன புள்ள, இன்னும் எழுதிக்கிட்டா இருக்க? லண்டன்ல இருந்து வந்தத கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டியா?"