பருப்புக்கு ஏங்கியவன்

அன்புள்ள அம்மாவுக்கு, பாலைவனத் துறவிக் குடிலிலிருந்து ஹோர் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நைல் தண்ணீர் வயலுக்கு ஏறிவிட்டதா? ஆண்டவர் தயவில் நான் நலம்.

இங்கே மனதில் எழும் எண்ணத்தை மறைக்காமல் இன்னொரு துறவியிடம் சொல்லிவிட வேண்டும். பாய் முடையும்போது உங்கள் பருப்புக் கஞ்சிக்கு ஏங்கி அழுததைப் பக்கத்துக் குடில் துறவி சரபியோனிடம் நம்பிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டே, “இங்க ஒருத்தன் அம்மா கஞ்சிக்கு அழறானாம்!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

“ஏன்டா சொன்ன?” என்று பிறகு கேட்டேன்.

“டேய், எண்ணம் வேற, நீ வேற. உன்னையா சொன்னேன்?”

இக்கடிதத்தைக் கொண்டுவரும் ஒட்டகக்காரர் அவசரப்படுத்துகிறார். ஊசியும் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். பருப்பு வேண்டாம், அம்மா. அதற்கு ஏங்கியவன் நான் இல்லையாம்.